யாரும் எடுக்காமல் எல்லோரும் படித்த புத்தகம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் லிகோஸ்வே நூலகத்துக்குள் நுழைந்தபோது அவர் கையில் அறுபத்திரண்டு விடைத்தாள்கள் இருந்தன. அறுபத்திரண்டிலும் விடைகள் சரியாக இருந்தன. அதுதான் அவருடைய புகார்.

டொவேரா கும்வென்டா துணை நூலகர். தலைமை நூலகர் இடுப்பெலும்புச் சிகிச்சைக்காக பிளான்டயர் நகரத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் திரும்பும்வரை சிபாண்டே விவசாயப் பல்கலைக்கழகத்தின் எண்பத்து நாலாயிரம் புத்தகங்களும் டொவேராவின் பொறுப்பு. தொண்ணூற்றைந்தாம் வருஷம் அது. கணினி என்பது கணக்குப் பிரிவில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பெட்டி மட்டுமே. புத்தகங்களைப் பற்றிய சேதியெல்லாம் அட்டைகளிலும் நோட்டுகளிலும் டொவேராவின் தலைக்குள்ளும்தான் இருந்தது.

லிகோஸ்வே பயிர் நோயியல் துறைத் தலைவர். விடைத்தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காராமலே நடந்ததைச் சொன்னார்.

சனிக்கிழமை அவர் ஒரு தேர்வு வைத்தார். ஆய்வகத்தில் ஐந்து தட்டுகள், தட்டுக்கு ஒரு மரவள்ளி இலை. ஐந்தும் மஞ்சள் பூத்தவை. ஒன்றில் தேமல் நோய், ஒன்று சிலந்திப்பேன் கடித்தது, ஒன்று மண்ணில் சத்துக் குறைந்ததால் வெளுத்தது, ஒன்றில் பழுப்புக்கீற்று நோய், கடைசி இலை வெறுமனே வயதானது. தெரியாதவர் கண்ணுக்கு ஐந்தும் பழுத்த இலைகள்தான். தெரிந்தவர் மஞ்சள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்ப்பார். தேமலில் மஞ்சள் திட்டுத்திட்டாக வரும், இலையும் கோணிக்கொள்ளும். சிலந்திப்பேன் ஊசியால் குத்தியதுபோலப் புள்ளி வைக்கும். பழுப்புக்கீற்றில் இலை கோணாது. சிறு நரம்புகளின் ஓரமாக மட்டும் மஞ்சள் கசிந்திருக்கும். இதையெல்லாம் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்ட முடியாது. போதாததற்கு, பழுப்புக்கீற்று ஏரிக்கரைப் பக்கத்து நோய். சிபாண்டே மலையில் தேடினாலும் கிடைக்காது. தேர்வுக்கு வைத்த இலையே முதல்நாள் லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி ஏரிக்கரையிலிருந்து வரவழைத்ததுதான்.

அந்த மஞ்சளைக் கண்ணால் பார்க்க மாணவர்களுக்கு இருந்த ஒரே வழி, நூலகத்தில் இருந்த ஒரு பெரிய புத்தகம். ஆயிரத்து நூறு பக்கம், நூற்றறுபது வண்ணப் படங்கள். யாரோ நன்கொடையாக அனுப்பியது, ஒரே ஒரு பிரதி. அது ஐந்து வாரமாகக் காணவில்லை. வகுப்பில் காட்டுவதற்காக லிகோஸ்வேயே இரண்டு முறை கேட்டனுப்பியும், இல்லை என்ற பதிலோடுதான் ஆள் திரும்பியிருந்தார்.

"பசங்க ஃபெயில் ஆவாங்கன்னு நம்பி வச்ச டெஸ்ட் மேடம் இது," என்றார் லிகோஸ்வே. "புத்தகத்தைத் தொலைச்சதால பிள்ளைங்க படிப்பு பாழாப் போகுதுன்னு வெள்ளிக்கிழமை கமிட்டியில காட்டலாம்னு பாத்தேன். ஒருத்தன்கூட ஃபெயில் ஆகல. என் மானத்தை வாங்கிட்டாங்க."

"சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே டாக்டர்?"

"சந்தோஷம்தான். ஆனா புத்தகம் ஏதோ ஒரு ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில கிடக்குது. அதை நீங்க வாசல் தாண்ட விட்டிருக்கீங்க. நான் என்ன செய்யச் சொல்றீங்க?"

என்ன செய்யப்போகிறார் என்பதை அவரே சொன்னார். பயிர் நோய் சம்பந்தப்பட்ட முந்நூற்று நாற்பது புத்தகங்களையும் நூலகத்திலிருந்து எடுத்துத் தன் துறையின் இரும்பு அலமாரியில் வைக்கும்படி வெள்ளிக்கிழமை நூலகக் குழுவிடம் கேட்பார். சாவி அவர் பையில் இருக்கும். அவர் கெட்ட மனிதர் அல்ல. புத்தகம் பத்திரமாக இருக்கவேண்டும் என்பதுதான் அவர் கவலை.

அவர் போனபின் டொவேரா வெகுநேரம் அந்த விடைத்தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துறை போனால் அடுத்த துறை சும்மா இருக்காது. மண்ணியல்காரர்கள் தங்கள் புத்தகங்களைக் கேட்பார்கள், கால்நடைக்காரர்கள் கேட்பார்கள். அதன்பின் நூலகத்தில் மிஞ்சுவது பழைய செய்தித்தாள்களும் நாற்காலிகளும்தான். துறை அலமாரி அந்தத் துறை மாணவனுக்குத் திறக்கும். மற்றவர்களுக்கு? பத்தொன்பது வயதில் டொவேரா இங்கே பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யத்தான் வந்தாள். மதியம் சாப்பிட்ட கையோடு இந்தக் கூடத்துக்குள் வந்து உட்காருவாள். நீ எந்தத் துறை, எந்த வருஷம் என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. அப்படி மதியம் மதியமாகப் படித்துத்தான் அவள் பட்டம் வாங்கினாள். அந்த நன்றியை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இங்கேயே வேலைக்குச் சேர்ந்ததோடு சரி.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் புத்தகம் கிடைத்தாகவேண்டும். ஆனால் அது எப்படிக் காணாமல் போயிருக்க முடியும் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

ஏன் புரியவில்லை என்பதற்கு நூலகம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முக்கியமான புத்தகங்களின் முதுகில் சிவப்புப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கும். சிவப்புப் புள்ளி என்றால் வீட்டுக்குக் கிடையாது, உள்ளேயே உட்கார்ந்து படிக்கவேண்டும். படித்து முடித்தால் மேஜையிலேயே விட்டுவிடவேண்டும், அலமாரியில் திருப்பி வைக்கக்கூடாது. 'தயவுசெய்து நீங்களே திருப்பி வைக்காதீர்கள்' என்ற பலகை கூடத்தில் ஆறு இடத்தில் தொங்கியது. அந்த விதி டொவேரா கொண்டுவந்தது. எண்பத்து நாலாயிரம் புத்தகத்தில் ஒன்றை இரண்டு தட்டு தள்ளி வைத்துவிட்டால் அது தொலைந்ததற்குச் சமம். பட்டியல் அட்டை ஒரு இடத்தைக் காட்டும், புத்தகம் வேறு இடத்தில் இருக்கும். அதனால் மதியம் பன்னிரண்டுக்கு ஒரு முறை, மாலை நாலரைக்கு ஒரு முறை தள்ளுவண்டி சுற்றிவரும். மேஜைகளில் கிடப்பதைச் சேகரித்துப் பின்னறைக்குக் கொண்டுபோய், எண்வாரியாகப் பிரித்து அடுக்கியபின்தான் அலமாரிக்குத் திரும்பும். அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு சிவப்புப் புள்ளிப் புத்தகத்துக்கும் ஒரு நோட்டில் ஒரு கோடு போடுவார்கள். எந்தப் புத்தகத்தை எத்தனை தடவை எடுத்துப் படித்தார்கள் என்பதற்கு அந்தக் கோடுகள்தான் கணக்கு. டொவேரா அந்த நோட்டைத் திறந்து பார்த்தாள். பெரிய புத்தகத்துக்கு நேரே ஐந்து வாரமாக ஒரு கோடுகூட இல்லை.

எடுத்தவர் யாருமில்லை. படித்தவர்களோ அறுபத்திரண்டு பேர். ஒரு மஞ்சள் இலையைப் பார்த்து அறுபத்திரண்டு பேரும் ஒருசேரக் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட முடியாது.

முதலில் வாசலுக்குப் போனாள். பைகளைச் சோதிக்கும் கமா அங்கே பதினோரு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டுக்குட்டி அளவு இருக்கிற புத்தகம் தன்னைத் தாண்டிப் போயிருந்தால் தன் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றார் அவர். பெண்களின் கைப்பையில்கூட அது நுழையாது, தானே ஒருமுறை தூக்கிப் பார்த்ததில் தோள் வலித்தது என்றும் சொன்னார். நகல் எடுத்திருப்பார்களோ என்றால் நகல் இயந்திரத்தில் ஆகஸ்ட் மாதத்திலிருந்து மை இல்லை. இருந்தாலும் அது கறுப்புவெள்ளைதான், மஞ்சளைக் காட்டாது.

அப்படியென்றால் புத்தகம் கட்டடத்துக்குள்ளேதான் இருக்கிறது. செவ்வாய் முழுவதும் டொவேராவும் இரண்டு உதவியாளர்களும் அலமாரி வாசித்தார்கள். அலமாரி வாசிப்பது என்றால் ஒவ்வொரு முதுகிலும் உள்ள எண்ணை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், வரிசை தப்பி நிற்பதைப் பிடிப்பது. பழகிய ஆள் மணிக்கு அறுநூறு முதுகு படிக்கலாம், அதற்குமேல் கண் மரத்துவிடும். பயிர்ப் பிரிவு முடிந்தது, அதை ஒட்டிய காட்டியல் முடிந்தது, பூச்சியியலும் முடிந்தது. புத்தகம் இல்லை. மொத்தக் கட்டடத்தையும் வாசிக்க மூன்று பேருக்கு ஆறேழு நாள் பிடிக்கும். அவளிடம் இருந்தது இரண்டரை நாள்.

புதன் காலை வாசற்படியில் உட்கார்ந்து மந்தாசிப் பணியாரத்தைத் தோப்வாக் கூழில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, கூடத்தைத் துடைக்கும் ஃபலேசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு புகார் இருந்தது. திங்கட்கிழமைதோறும் அவள் தரை முழுவதும் சிவப்பு மெழுகு பூசித் தேங்காய்நார்த் தூரிகையால் காலால் தேய்த்துப் பளபளக்க வைப்பாள். செய்தித்தாள் மேஜையைச் சுற்றியும் வாசலிலும் மெழுகு சீக்கிரம் தேய்வது வழக்கம்தான். ஆள் புழங்குகிற இடம். ஆனால் இந்தப் பருவத்தில் கடைசிச் சந்திலும் தேய்கிறது.

"எந்தக் கடைசிச் சந்து, ஃபலேசிக்கா?"

"அதான், அந்த ரயில்வே புத்தகமெல்லாம் கறுப்புக் கறுப்பா நிக்குமே. முந்தியெல்லாம் மாசம் ஒரு தடவை பூசினாப் போதும். இப்ப திங்கக்கிழமை பூசறேன், புதன்கிழமை சாம்பலாக் கிடக்குது. அங்க நிஜமாவே ரயில் விட ஆரம்பிச்சுட்டீங்களா?"

டொவேரா மெல்லுவதை நிறுத்தினாள்.

"அது மட்டுமா," என்றாள் ஃபலேசி. "அந்தப் பயிர் நோய்ப் பசங்களைப் பின்னாடியிருந்து பாருங்க டொவேராம்மா. பாதிப் பேருக்குக் கால்சட்டை பின்பக்கம் என் மெழுகுதான். துணி துவைக்கிறவங்க என்னைத்தான் திட்டுவாங்க."

வெள்ளைக்காரர் காலத்து நியாசாலாந்து ரயில்வேயின் ஆண்டறிக்கைகள் நாற்பத்து மூன்று தொகுதிகள், கறுப்புத் தோல் கட்டு. கட்டடத்தின் மேற்கு மூலையில், ஜன்னலை ஒட்டிய கடைசிச் சந்தில் அவை நின்றன. டொவேராவின் நினைவில் அவற்றைக் கேட்டு வந்தவர் இருவர். அவர்களில் ஒருவர் வழி தவறி வந்தவர். சந்தில் தரை நிஜமாகவே வெளுத்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஆள் அருகருகே உட்காரும் அளவுக்கு வட்டமாகத் தேய்ந்து, சிமெண்ட் தெரிந்தது. அவள் மண்டியிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து மூன்று தொகுதிகளை வெளியே எடுத்தாள்.

பின்னால் சோளமாவுச் சாக்குத் துணியில் பொதிந்து அந்தப் பெரிய புத்தகம் படுத்திருந்தது. அதன்மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு, நூலில் கட்டிய பென்சில் ஒன்று.

அவள் புத்தகத்தைத் தொடவில்லை. முதலில் நோட்டைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே தரையில், அந்தத் தேய்ந்த வட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நோட்டில் கட்டம் கட்டமாக வாரம் வரையப்பட்டிருந்தது. நூலகம் திங்கள் முதல் வெள்ளிவரை காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை, சனிக்கிழமை மதியம் ஒன்றுவரை திறந்திருக்கும். வாரத்துக்கு அறுபத்தைந்து மணி நேரம். அதில் வகுப்பு நடக்கும் இருபது மணி நேரத்தை அடித்துவிட்டிருந்தார்கள். மீதி நாற்பத்தைந்து மணிக்கும் பெயர்கள், ஒரு கட்டத்துக்கு இரண்டு பெயர். அறுபத்திரண்டு பேர் என்றால் முப்பத்தோரு ஜோடி. ஜோடிக்கு வாரத்துக்கு ஒரு மணி; மிச்சமிருந்த பதினாலு மணியும் சுழற்சியில். ஒவ்வொரு கட்டத்திலும் வந்தவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காய்ச்சலில் படுத்தவன் பெயரை அடித்து, அவன் இடத்தை யாருக்கு, எப்போது திருப்பித் தருவது என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள். முதல் பக்கத்தில் விதிகள்: கை கழுவிவிட்டு வா. வேர்க்கடலை கொண்டுவராதே. பக்க ஓரத்தை மடிக்காதே. அடுத்த ஜோடி வரும்வரை எழுந்து போகாதே.

டொவேரா தன் கோடு நோட்டை நினைத்துப் பார்த்தாள். போன பருவத்தில், புத்தகம் ஒழுங்காகத் தன் இடத்தில் இருந்த காலத்தில், இதற்கு நாளுக்கு இரண்டு கோடு, மிஞ்சினால் மூன்று. யோசித்தால் அதற்குமேல் விழவும் வழியில்லை. காலை எட்டரைக்கு ஒருவன் எடுத்து, ஒன்பதரைக்கு மேஜையில் விட்டால், பன்னிரண்டுவரை அது அங்கேயே கிடக்கும். கேட்டு வருபவன் அலமாரியில் பார்ப்பான்; அங்கே வெறும் இடைவெளிதான் இருக்கும். பன்னிரண்டுக்கு வண்டியில் ஏறும். பின்னறையில் பிரித்து முடிக்க இரண்டு மணி. அப்புறம் அலமாரி. மாலை நாலரைக்கு மறுபடி வண்டி ஏறினால் மறுநாள் காலைதான் இறங்கும். அதிகம் பேருக்குத் தேவைப்பட்ட புத்தகம்தான் நாளின் பெரும்பகுதி வண்டியிலும் பின்னறையிலும் காத்துக் கிடந்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை உண்டாக்கியது ஆறு இடத்தில் தொங்கும் அவளுடைய பலகைதான். பிள்ளைகள் திருடவில்லை. அவளுடைய ஒழுங்கிலிருந்து அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பதினோரு மணிக் கட்டத்துக்கு உரிய இருவரில் ஒருத்தி சரியாகப் பதினோரு மணிக்குச் சந்துக்குள் திரும்பினாள். தமாண்டா நியாசுலு, வகுப்பின் மாணவர் தலைவி. தரையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் துணை நூலகரைப் பார்த்ததும் ஓடுவதா நிற்பதா என்று அவள் கால்களுக்கே தெரியவில்லை.

"உக்காரு," என்றாள் டொவேரா. "உன் மணி நேரம்தானே, வீணாக்காதே. கை கழுவினியா?"

தமாண்டா கையை விரித்துக் காட்டினாள். ஈரம் காயவில்லை.

"புத்தகத்தைப் புரட்டிப் பாத்தேன், இதுல எம்பத்தெட்டாம் பக்கம் கிழிஞ்சு ஒட்டியிருக்கு. எதை வச்சு ஒட்டினீங்க?"

"ந்சிமா, மேடம்."

"என்னது?"

"ராத்திரி சாப்பாட்டுக் களியில கொஞ்சம் எடுத்துவச்சு, தண்ணி விட்டுக் கரைச்சு… நல்லாப் பிடிச்சுக்கிச்சு மேடம்."

"பிடிச்சுக்கும். கரப்பான்பூச்சிக்கும் ரொம்பப் பிடிக்கும். உப்பும் குழம்புமா ஒட்டியிருந்தீங்கன்னா இன்னேரம் புத்தகத்தோட பாதி அதுங்க வயித்துல இருக்கும். இங்க பின்னறையில பூச்சி அரிக்காம இருக்கத் துத்தம் கலந்த பசை ஒரு டப்பா நிறைய இருக்கு. கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா புத்தகம் எங்கேன்னு கேப்பீங்களே மேடம்."

டொவேராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமாண்டா அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பருவத்தின் முதல் வாரத்தில் முப்பது பேர் புத்தகத்தைத் தேடி வந்து, நாலு பேர்தான் பார்த்தார்கள். மேஜையிலிருந்து எடுத்தவன் விடமாட்டான். விட்டால் வண்டி கொண்டுபோய்விடும் என்ற பயம். ஒருவன் ஒன்பது மணி நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். சண்டை வந்தது. அப்புறம்தான் வகுப்பில் கூடிப் பேசி இந்த ஏற்பாடு. ரயில்வேச் சந்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல ஜன்னல் வெளிச்சத்துக்காக. மஞ்சளைப் பிரித்துப் பார்க்கச் சூரிய வெளிச்சம் வேண்டும், குழல்விளக்கில் எல்லாமே பச்சையாகத் தெரியும். இருட்டியபின் வரும் ஜோடிகள் படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் படிப்பார்கள்.

"இந்த லைப்ரரி இல்லன்னா எங்களுக்கு ஒண்ணுமே இல்ல மேடம்," என்றாள் தமாண்டா. "எங்க வகுப்புல ஒருத்தர் வீட்டுலகூடப் பைபிளைத் தவிர வேற புத்தகம் கிடையாது. கெடுக்கணும்னு செய்யல."

"தெரியுது. ஆனா இதையும் கேளு. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு ஏரிக்கரையிலேர்ந்து ஒரு விவசாய ஆலோசகர் வந்தாரு. ராத்திரி லாரியில உக்காந்து, மலையடிவாரத்துலேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கிட்டு. அவர் ஊர்ல மரவள்ளிக் கிழங்கு வெளிய நல்லாயிருக்கு, வெட்டினா உள்ள பழுப்பா மரக்கட்டை மாதிரி இருக்காம். இது என்னன்னு இந்தப் புத்தகத்துல பாக்கணும்னு கேட்டாரு. புத்தகம் இல்லைங்கன்னு நான் சொன்னேன். தேடினதுக்கு நன்றின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாரு."

தமாண்டா நோட்டை எடுத்து அந்தச் செவ்வாய்க் கட்டத்தைப் பார்த்தாள். பத்து மணி அடிக்கப்பட்டிருந்தது. வகுப்பு நேரம். அந்த ஒரு மணி நேரமும் புத்தகம் ரயில்வேக்குப் பின்னால் சாக்கில் தூங்கியிருந்தது.

"பழுப்புக்கீற்று," என்றாள் அவள் மெதுவாக. "இருநூத்திப் பதினாலாம் பக்கம். நானே சொல்லியிருப்பேன் மேடம். எங்கள்ல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம்."

பிறகு டொவேரா பென்சிலை எடுத்து, அடித்துவிட்ட இருபது கட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

புதன் மதியமும் வியாழனும் புதிய ஏற்பாட்டுக்கான வேலைதான். பதினோரு மணி ஜோடியின் இன்னொரு பாதி, மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பையன், நோட்டைப் புதிதாகக் கோடு போட்டுத் தந்தான். டொவேரா எண்பத்தெட்டாம் பக்கத்தை ஈரத்துணியால் மெல்ல நனைத்து ந்சிமாவை உரித்துவிட்டு, துத்தப் பசை தடவி ஒட்டி, எடைக்கல் வைத்தாள். தச்சுப்பட்டறையிலிருந்து சாய்வான ஒரு படிப்பு மேடை வந்தது. அதை எங்கே வைப்பது என்று ஃபலேசி உட்பட எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள். வெளிச்சத்துக்கு ஜன்னல் வேண்டும், எல்லோர் கண்ணிலும் படவும் வேண்டும். இரண்டும் அமைந்த இடம் வரவேற்பு மேஜைக்கு இடது பக்கம், கிழக்கு ஜன்னலுக்கு நேரே. இரண்டு நாற்காலியும் போட்டார்கள். இனிமேல் தரையில் உட்காரவேண்டியதில்லை என்றதில் ஃபலேசிக்கு இருந்த நிம்மதி வேறு யாருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை குழுவில் லிகோஸ்வே தயாராக வந்திருந்தார். டொவேரா புத்தகத்தை மேஜைமேல் வைத்தபோது ஒருகணம் அவர் முகம் மலர்ந்தது, உடனே சுதாரித்துக்கொண்டார். எங்கே இருந்தது, யார் வைத்தது என்று கேட்டார். அவள் பெயர் எதுவும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். பழைய முறையில் நாளுக்கு மூன்று பேர், பிள்ளைகளின் முறையில் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம், ஆளுக்கு ஒரு முறை நிச்சயம். அதன் விளைவை டாக்டர் லிகோஸ்வே அவர்களே அறுபத்திரண்டு தாள்களில் திருத்தி வைத்திருக்கிறார் என்றாள். குழுவில் சிலர் சிரித்தார்கள். தப்பு தன் விதியில்தான் இருந்தது என்பதையும் அவளே சொன்னாள்.

லிகோஸ்வே சிரிக்கவில்லை. அவருடைய கேள்வி நியாயமான கேள்வி.

"எல்லாம் சரி மேடம். வெளிய மேடையில வச்சிருக்கீங்க. பூட்டு இல்ல, சாவி இல்ல. ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டா?"

"அலமாரியில வச்சிருந்தப்ப அது காணோம்னு நமக்குத் தெரிய எவ்வளவு நாள் ஆச்சு டாக்டர்? நீங்க ஆள் அனுப்பினப்பதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள ஒரு வாரம் போயிடுச்சு. உங்க இரும்பு அலமாரியிலயும் அப்படித்தான். அடுத்த தடவை திறக்கறப்பதான் தெரியும். இங்க மணிக்கு ஒருத்தர் தன் முறைக்கு வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு அது வேணும். இல்லைன்னா சும்மா போகமாட்டாங்க, என் மேஜையைத் தட்டுவாங்க. ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுடும். இவ்வளவு பேர் காவல் காக்கிற புத்தகம் நம்ம நாட்டுல வேற எங்க இருக்கு?"

லிகோஸ்வே புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு நோட்டைப் புரட்டினார். தன் மாணவர்களின் கையெழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்பதை, விடைத்தாள் திருத்துகிறவரின் வேகத்தில் இல்லாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவங்களுக்கு நான் நாலு வருஷமா கிளாஸ் எடுக்கறேன்," என்றார். "வரிசையில நிக்கத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருந்தேன்." பிறகு கேட்டார்: "வாத்தியாருங்க பேர் எழுதலாமா இதுல?"

"எழுதலாம் டாக்டர். வரிசையில."

அவர் தன் வேண்டுகோள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேஜைக்கு இந்தப்பக்கம் வந்து இரண்டு கைகளாலும் டொவேராவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவள் தன் நன்றியைச் சொல்லவேண்டிய ஆட்கள் அந்த அறையில் இல்லை. அவர்கள் வெளியே கூடத்தில், அவரவர் மணிக்காகக் காத்திருந்தார்கள்.

அன்று மாலையே ஆறு பலகைகளையும் இறக்கி, புதிய விதியை எழுதித் தொங்கவிட்டார்கள். அது இவ்வளவுதான்: ஒரே பிரதி உள்ள, பலருக்கும் தேவையான சிவப்புப் புள்ளிப் புத்தகம் அலமாரிக்கும் போகாது, தள்ளுவண்டியிலும் ஏறாது, வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் மேடையில் இருக்கும். அதன் பக்கத்தில் நோட்டு இருக்கும். வேண்டியவர் தன் பெயரைத் தானே ஒரு மணிக்கு எழுதிக்கொள்ளலாம், இருவராகவும் படிக்கலாம். முடித்தவர் அடுத்து வருபவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போகவேண்டும். ஒரு வகுப்பு பாடத்தில் இருக்கும் நேரங்களில் அந்த வகுப்பின் பெயர் எழுதப்படாது. அந்த இருபது மணி நேரமும் வெளியூரிலிருந்தும் மற்றத் துறைகளிலிருந்தும் வருபவர்களுக்கு. பக்கம் கிழிந்தால் ஒட்டாமல் மேஜைக்குக் கொண்டுவரவேண்டும்.